முன்னறைக் கட்டில்

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையில் தண்ணீர் வந்தது. தொட்டியைக் கழுவிப் பிடித்து வைத்தேன். லிஃப்ட் நேற்று நின்றது, நின்றதுதான். எனக்கென்ன, நான் தரைத்தளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் ஆம்புலன்ஸ் வந்தது. ஏழாம் மாடி ஜமால். பெல்ட்டும் பர்ஸும் தைக்கும் பட்டறைக்காரர். பைக்கிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து, மும்பை சயான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வருகிறார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். அவர் மனைவி சஃபீனா, "சார், லிஃப்ட் சரியாகிற வரைக்கும் ஒரு அரைமணி நேரம்..." என்றார். கதவைத் திறந்துவிட்டேன்.

இப்போது முன்னறைக் கட்டிலில் ஜமாலின் குறட்டை. என் மனைவி போனபின் அதில் செய்தித்தாள்தான் அடுக்கியிருந்தேன்.

உள்ளே வரச் சொன்னது அன்பா? மாட்டேன் என்று சொல்ல வாய் வராததுதானா? எழுபத்துநாலு வயதில் இதுகூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

லிஃப்டுக்கு ஏதோ பாகம் வர வேண்டுமாம். ஒரு மாதம் ஆகலாம் என்கிறார் வாட்ச்மேன்.

பிப்ரவரி 28, சனி

என் ஒழுங்கெல்லாம் போயிற்று. பட்டறை ஆட்கள் வருவதும் போவதும், வீடெல்லாம் தோல் வாசனை. நான் கோப்பையை அதற்குரிய ஆணியில் மாட்டுவதைப் பார்த்து ஜமால், "ஏ சார், உங்க வீட்டுல மூச்சு விடுததுக்கும் டைம்டேபிள் உண்டோ?" என்றார்.

"சும்மா கிடங்க, வெரட்டிறப் போறாரு" என்றார் சஃபீனா. சிரித்து வைத்தேன்.

சஃபீனா சமைக்க மேலே போகும் நேரத்தில் மூத்திர பாட்டிலை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவரும்தான்.

மார்ச் 1, ஞாயிறு

ஆலயத்தில் அறிவிப்பு: வரும் வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து கால வீட்டு ஜெபக்கூட்டம் என் வீட்டில். நானே ஒப்புக்கொண்டது. மறந்திருக்கிறேன். நானா!

ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் வேதமாணிக்கம் தனியே கூப்பிட்டார். எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார்.

"நல்ல காரியம் அண்ணாச்சி. ஆனா முப்பது பேரு எங்க உக்காருவாங்க? அவங்க நோன்பு தொறக்கிற நேரமும் நம்ம கூட்ட நேரமும் ஒண்ணு. வாலிபர் நாலு பேரை அனுப்புதேன். நாற்காலியில வச்சு மேல தூக்கிரலாம்."

"சரி" என்றேன்.

ஏன் சொன்னேன்? இன்னொரு தடவை விழுந்தால் எலும்பில் வைத்த பிளேட் கழன்றுவிடும், அந்தக் காலுக்கு அப்புறம் உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொன்னாராமே. சஃபீனா என்னிடம்தானே சொல்லி அழுதார்.

மார்ச் 3, செவ்வாய்

அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 4, புதன்

இன்றும் இல்லை. கூட்டத்துக்காக நான் தேர்ந்தெடுத்திருந்த வேதபாகம், அந்நியரை உபசரிப்பது பற்றி. வேறு பகுதி தேடினேன். வெட்கமாக இருந்தது. மூடி வைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

எனக்குக் காது மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். மூப்பர் கூப்பிட்டபோது அதுதான் வினையாயிற்று.

"நாளைக்கு நாலு மணிக்குப் பையன்மார் வருவாங்க அண்ணாச்சி. ஆளை மேல ஏத்திட்டா வீடு சுத்தமாயிரும்."

வைத்துவிட்டுத் திரும்பினால் கட்டிலில் ஜமால் விழித்தபடி கிடக்கிறார்.

"நீங்களே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அப்புறம், "போயிருதேன். உங்க கூட்டத்தைக் கெடுக்க மாட்டேன்."

சஃபீனா துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

தாங்க முடியல. அந்த மனுஷன் என்னை நாலு திட்டு திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

மார்ச் 6, வெள்ளி

 

மூப்பரோடு வாலிபர்கள் நாலு பேரும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், செருப்பை வாசலில் கழற்றி வைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஜமாலை உட்கார்த்தி வேட்டியால் கட்டினார்கள். "ஏல, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரில்லா இருக்கு, கொட்டு எங்கல?" என்றார் ஜமால். முகமெல்லாம் வேர்வை.

படிக்கட்டின் முதல் திருப்பத்தில் நாற்காலியின் கால் கைப்பிடிக் கம்பியில் சிக்கியது. நாற்காலி சாய்ந்தது. ஜமால் போட்ட சத்தம்... அதை எழுத மாட்டேன். சஃபீனா வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே இன்னும் ஆறு மாடி.

"ஒண்ணுமில்ல, தூக்குங்கப்பா" என்றார் மூப்பர்.

"எறக்குங்க!"

யார் கத்தியது என்று பையன்கள் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான்தான்.

"அண்ணாச்சி, கூட்டம்?"

"வேற வீட்டுல வச்சுக்கோங்க. இவரு இங்கதான் இருப்பாரு. அன்னைக்கு நான் சரின்னது... மனசில்லாமச் சொன்னது."

"முப்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"எனக்குத் தெரியாது."

கூட்டம் ஆண்டாப் ஹில்லில் மூப்பர் வீட்டில் நடந்தது. என்னைக் கூப்பிடவில்லை. துடைத்து வைத்த நாற்காலிகள் சுவரோரம் அப்படியே இருக்கின்றன. ஜமால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வெகுநேரம் கழித்து, "சார், பாட்டில்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை இரண்டு பேருமே முகத்தைத் திருப்பவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஆலயத்தில் மூப்பர் கை கொடுத்தார், உடனே அடுத்தவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைகள் முன்னால் அவரை அப்படி எதிர்த்தது சரியா? அவரிடமும் அன்பாக இருந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, சஃபீனா ஏழு மாடி ஏறி இறங்க வேண்டாம் என்று என் அடுப்பைக் கழுவிக் கொடுத்தேன்.

மார்ச் 21, சனி

நோன்புப் பெருநாள். ஜமாலைப் பார்க்க முப்பது பேராவது வந்து போனார்கள். இடம் இருந்தது.

மார்ச் 25, புதன்

லிஃப்ட் ஓடுகிறது. ஜமால் மேலே போனார். கதவு மூடுமுன், "இனி நிம்மதியா மூச்சு விடுங்க சார்" என்றார். வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

சாயங்காலம் மூப்பரின் போன். அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, இந்த வெள்ளி உங்க வீட்டுல வச்சுக்கலாமா? முன்னறை காலியாயிட்டுல்லா?"

"வாங்க. ஆனா கட்டில் அங்கதான் கிடக்கும். திரும்ப யாருக்காவது வேண்டியிருக்கும்."

"அப்ப எல்லாரும் எப்படி உக்கார?"

"கட்டில்லயே நாலு பேரு உக்காரலாம்."

"நான் அதுல உக்காந்துக்கிடுதேன்" என்றார்.

நாளை போர்வையைத் துவைக்க வேண்டும்.