ஓரத்தில் நீ எழுதிய வேகங்கள்

என் அருமைத் தம்பி சந்தானத்துக்கு,

நீ கண்ணை மூடிப் பதினோரு மாதமாகிறது. மண்டபம் ஊரில் அதே வீட்டில்தான் இருக்கிறேன். தென்கடலில் காற்று அடங்கியிருக்கிறது. படகுகள் தடையில்லாமல் போய் வருகின்றன. மீன் ஆராய்ச்சி அலுவலகத்தில் உன் இடத்துக்குத் திருநெல்வேலிக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதனால்தான் அவர் சொன்னதை முழுதும் கேட்டேன்.

படகுக்குப் பின்னால் இழுத்துப் போவாயே, தண்ணீருக்குள் சத்தம் கேட்கும் அந்த ஒலிவாங்கி, அதைப் பற்றிய உன் அறிக்கை அவர் கையில் இருந்தது.

"மீன்கூட்டத்தோட சத்தம்னு ஐயா எழுதியிருக்கிறது மீன் இல்லம்மா. கருவியை இழுக்கையில தண்ணி அதும்மேல உரசுற இரைச்சல். வேகம் கூடக்கூட அதுவும் கூடும். எந்த வேகத்துல கேட்டாங்கன்னு ஒரு எடத்துலயும் குறிக்கலையே" என்றார்.

அறிக்கையை ஒதுக்கிவிடப் போகிறார்களாம். நீ கவனக்குறைவாக வேலை செய்தவன் என்று அலுவலகத்தில் பேச்சாம். அதை அவராகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன்.

என் கோபத்தை நீ அறிவாய். காப்பி கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, மறுநாள் அவர் முன்னால் விரித்துக் காட்டுவதற்காக உன் பழைய நோட்டை எடுத்தேன்.

வேகம் இருந்தது, தம்பி. ஒவ்வொரு பக்கத்திலும், ஓரத்தில், பென்சிலில். படகு நின்றபோது சத்தம் இல்லை என்று மூன்று இடங்களில். இரைச்சல் கருவியில்தானோ என்று ஒரு கேள்வி. படகோட்டி காசிம் செய்த கேலியைக்கூடத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறாய்: "என்னங்கய்யா, நம்ம எஞ்சினை நிப்பாட்டுனா ஒங்க மீனும் வாயை மூடிக்கிருதே."

நோட்டைப் பார்த்து அறிக்கையாக நகல் எடுத்தவள் நான். நான் படித்த கான்வென்டில் ஓரத்தில் ஒரு புள்ளி விழுந்தாலும் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதவைப்பார்கள். நீ ஓரத்தில் எழுதியதெல்லாம் எனக்குக் கிறுக்கல். வாசிக்கக்கூட இல்லை. கோட்டுக்கு உள்ளே இருந்ததை மட்டும் அழகாக எழுதினேன். உன் முதல் ஊகம் முடிவாகப் போய்ச் சேர்ந்தது. பிறகு வந்த சந்தேகம் நோட்டிலேயே நின்றுவிட்டது.

காய்ச்சலில் கிடந்த உன்னிடம் கையெழுத்துக்கு நீட்டியபோது, வாசித்துப் பார் என்றேன். "நீ எழுதி நான் பாக்கணுமாக்கா?" என்று கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாய். உண்மையிலேயே பார்க்கவில்லையா? பார்த்தும் என் மனம் நோகுமென்று பேசாமல் இருந்தாயா?

இரண்டு நாள் வீட்டைவிட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நோட்டோடு அலுவலகத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "ஐயாவோட நோட்டு இப்பத்தான் கெடச்சுதுன்னு எழுதிக்கிடுவோம்மா. ஒங்க பேரு எதுக்கு?" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒப்புக்கொள்ள எனக்கு ஆசையாகவும் இருந்தது. "நோட்டு தொலையலையே, எங்கிட்டதான இருந்துச்சு" என்றேன்.

போன வாரம் காசிமோடு அவர் கடலுக்குப் போய், நீ குறித்த வேகங்களில் ஒவ்வொன்றாகப் படகை ஓட்டிப் பார்த்திருக்கிறார். இரைச்சல் நீ எழுதியபடியே ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது. மீனின் சத்தத்தைத் தேடுகிறவர்கள் முதலில் இதைக் கழிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு உன் கணக்கு உதவும் என்கிறார். அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார்.

புதிய நகல் பாதி முடிந்திருக்கிறது. காசிமின் கேலியையும் விடவில்லை. முதல் நகலில் விடுபட்டவை இதை எழுதியவர் விட்டவை அல்ல, நகலெடுத்த அவர் தமக்கை விட்டவை என்று முதல் பக்கத்திலேயே எழுதி, என் முழுப் பெயரையும் போடுவேன். இந்த முறை என் எழுத்தை இன்னொருவர் வரிவரியாக வாசித்துச் சரி என்று சொன்ன பிறகே அனுப்புவேன். இது உனக்கு என் வாக்கு.

உன்னை இடுப்பில் சுமந்த,
அக்கா