நீல் தீவில் மூன்றாம் நாள்

நவம்பர் 9, 2024

மழை விட்டபாடில்லை. எட்டாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்தேன். லீவு கிடைத்துவிட்டது. டிசம்பர் 21 முதல் பத்து நாள்.

கல்யாணமாகி விருதுநகரிலிருந்து அந்தமானுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அதில் கடைசி மூன்று வருஷம் அவர் போர்ட் பிளேர் ஆபீஸில், நான் தென்கோடித் தீவில் இந்த கேம்பல் பே பள்ளிக்கூடத்தில். ஹாவ்லாக், நீல் இரண்டையும் நான் இன்னும் பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் நாலு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு லீவு என்றால் ஊர்தான். அவர் தங்கை வீட்டுக் காதுகுத்து, அவர் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம்.

இந்தத் தடவை அப்படி இல்லை என்று அவரே போனில் சொன்னார். "நீயே பிளான் போடு விஜி. நீ சொல்ற தீவுக்கு நான் வர்றேன்."

நவம்பர் 17

பக்கத்து குவார்ட்டர்ஸ் ஷீலா டீச்சர் நீலில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா அம்மா சிலோனிலிருந்து வந்தவர்கள். அவளை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

"டீச்சர், அந்தக் கல்லுப் பாலத்துக்குத் தண்ணி வத்துற நேரம் பார்த்துப் போகணும். தண்ணி ஏறிருச்சின்னா ஒன்னும் பார்க்க ஏலாது" என்றாள்.

ஆக இப்படி: ஹெலிகாப்டரில் போர்ட் பிளேர். ஒரு ராத்திரி டாலிகஞ்சில், எங்கள் வீட்டில். மறுநாள் படகில் ஹாவ்லாக், சாயங்காலம் ராதாநகர் கரை. அங்கிருந்து நீல். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்போம், நான்தான் ஓட்டுவேன். தண்ணீர் வற்றும்போது, கடல் அரித்து உண்டான அந்தக் கல் பாலம். நீலில் மூன்றாம் நாள் காலை — ஒன்றும் கிடையாது. லட்சுமண்பூர் கரையில் ஒரு பாறையில் சும்மா உட்கார்வது. இளநீர் குடிப்பது. அடுத்த வேளைக்கு என்ன சமைப்பது என்று யோசிக்காமல் இருப்பது.

அவருக்கு அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கி ஒரு பொம்மை அனுப்பினார். படித்தாரா?

டிசம்பர் 2

21ஆம் தேதி ஹெலிகாப்டரில் எனக்கு சீட் உறுதி. கப்பலென்றால் இரண்டு மூன்று நாள் வாந்தி.

டிசம்பர் 20

டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கிறார். கூடவே மனைவி. பள்ளிக்கூடத்துக்கு வந்து கால்மணி நேரம் இருந்தார்கள். பிள்ளைகள் காலையிலிருந்து வெயிலில் நின்றார்கள்.

அந்தம்மா திருச்சிக்காரர். "அட, நீங்க தமிழா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நல்ல மாதிரி. எங்கெல்லாம் போகப்போகிறார்கள் என்று கேட்டேன், மரியாதைக்கு.

"நாளைக்கு போர்ட் பிளேர். அப்புறம் ஹாவ்லாக், நீல். எவ்வளவு அழகா பிளான் போட்டிருக்காங்க தெரியுமா? நேச்சுரல் பிரிட்ஜுக்குத் தண்ணி வத்துற நேரத்தைக் கூடப் பார்த்து வச்சிருக்காங்க. மூணாம் நாள் காலையில ஒண்ணுமே கிடையாதாம்! பாறையில சும்மா உட்காரணுமாம், இளநீர் குடிக்கணுமாம். போர்ட் பிளேர் ஆபீஸ்ல யாரோ பாலகுமாராம். ரசனையான மனுஷன்."

நான் சிரித்தேன். வேறென்ன செய்வது?

பாலகுமார் என் புருஷன்.

சாயங்காலம் முழுக்க போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. எப்படியும் நாளைக்கு நேரில் பார்க்கத்தானே போகிறேன். நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

டிசம்பர் 21

போகவில்லை.

ஹெலிபேடில் பையை எடை போடக் கொடுக்கிறேன், அங்கே இருந்த பையன் என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான்: "மேடம், ஆப்கா நாம் கட் கயா." பேரை வெட்டியாச்சாம். யார் வெட்டினது? "போர்ட் பிளேர் சே." போர்ட் பிளேரிலிருந்தாம்.

நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஏறினாள். அவளுக்கென்றால் நானே விட்டுக்கொடுத்திருப்பேன். என் சீட்டில் உட்கார்ந்தது திருச்சி அம்மா. உள்ளே இருந்து எனக்குக் கை காட்டினார். நான் வழியனுப்ப வந்திருப்பதாக நினைத்திருப்பார். நானும் கை காட்டினேன். பைத்தியக்காரி மாதிரி நின்னு கை காட்டினேன்.

டிசம்பர் 22

லைன் கிடைத்தது. சண்டை போடக் கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போட்டேன்.

"சார் திடீர்னு டெல்லிக்காரங்களுக்கு டூர் புரோகிராம் கேட்டாரு விஜி. பத்து நிமிஷத்துல குடுன்னாரு. கையில உன்னோடதுதான் இருந்துச்சு. அப்படியே டைப் பண்ணிக் குடுத்துட்டேன். எல்லாரும் பாராட்டினாங்க, தெரியுமா?"

"என் சீட்டு?"

"மேடத்துக்கு ஒரு சீட்டு குறையுதுன்னாங்க. யார் பேரையாவது எடுத்துத்தானே ஆகணும். நோயாளி பேரை எடுக்க முடியுமா? வேற ஆளுன்னா தகராறு பண்ணுவாங்க, பேப்பருக்குப் போவாங்க. நீன்னா புரிஞ்சுக்குவே."

"அப்ப நீங்கதான் சொன்னீங்களா?"

லைன் போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். போகவில்லை. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

மேலிடத்து உத்தரவு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்க்குக்கூட நான் லாயக்கில்லாமல் போனேன்.

டிசம்பர் 25

போட்டோ வந்திருக்கிறது. அதிகாரி குடும்பத்துக்குத் துணையாக இவரையே நீலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பாறை, அதற்கப்பால் கடல், ஓரத்தில் இவர் செருப்புக் கால். "நீ சொன்ன இடம் இதுதானே? நிஜமாவே சூப்பர்."

நிஜமாவேவாம்!

ஷீலா பார்த்தாள். போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "டீச்சர், ரொட்டி சுடுறேன், வாங்க" என்றாள். தேங்காய் போட்ட ரொட்டி. கிறிஸ்துமஸ் நாளில் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே இருக்கிறாள். எனக்காகத்தானா? கேட்கவில்லை.

டிசம்பர் 27

கப்பலில் வா, ஒரு தீவாவது பார்க்கலாம் என்றார். கப்பல் போய்விட்டது. நான் ஏறவில்லை.

ஜனவரி 19, 2025

"ஒரு சீட்டுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறார்.

கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகன் கௌதமும் பேசினான். "அப்பா பாவம்மா, அவருக்கு ஆபீஸ் பிரஷர்." இவனிடம் எப்படிச் சொல்லியிருப்பார்? அம்மாவுக்கு டூர் போக முடியலைன்னு கோபம் — இப்படித்தான் சொல்லியிருப்பார். எனக்குத் தீவு பார்க்காத வருத்தம் எப்போதோ போய்விட்டது. யாரை எடுத்தால் சத்தம் வராது என்று யோசித்தபோது அவருக்கு என் முகம் ஞாபகம் வந்திருக்கிறதே. அதுதான் போகமாட்டேன் என்கிறது.

மார்ச் 8

மூன்று வருஷம் முடிகிறவர்களின் மாற்றலுக்கு விருப்பம் கேட்டார்கள். போர்ட் பிளேர் என்று நான் எழுதிக் கொடுப்பேன் என்று பிரின்சிபால் பேனாவைக்கூட நீட்டிவிட்டார். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே என்று எழுதினேன்.

மார்ச் 16

யார் மூலமோ அவருக்குத் தெரிந்துவிட்டது.

"யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தே?"

"யாரையும் கேக்கலை."

"அப்ப நான் இங்க தனியா? வீட்டை யாரு பார்க்கறது? நான் உன்னை எப்பப் பார்க்கறது?"

"ஹெலிகாப்டருக்குப் பேர் குடுங்க. சீட்டு கிடைச்சா வாங்க."

வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் அழுகை வந்தது. பிறகு பசித்தது.

மார்ச் 23

ஞாயிறு. ஷீலாவும் நானும் பஸ்ஸில் இதே தீவிலுள்ள காந்தி நகர் கிராமம் வரை போனோம். மூன்று வருஷமாக இந்தத் தீவில் கடைத்தெரு, பள்ளிக்கூடம், குவார்ட்டர்ஸ் தவிர எதையும் நான் பார்க்கவில்லை. அவர் வரட்டும், சேர்ந்து பார்க்கலாம் என்று வைத்திருந்தேன்.

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று இங்கே குடியேறிய ஒரு சர்தார்ஜி, ஷீலாவிடம் படிக்கும் பிள்ளையின் தாத்தா, கூப்பிட்டு டீ கொடுத்தார். "பஹுத் தேர் சே ஆயி ஹோ பேட்டி" என்றார். ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறாயாம். ஆமாம் என்றேன்.

சர்தார்ஜியின் தோப்பைத் தாண்டினால் கடல். இடுப்பளவு தண்ணீரில் சேலையோடு நின்றோம். வீடு திரும்பி, உடம்பெல்லாம் உப்பரிக்க, குளிக்காமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.