கழற்றிய கயிறும் பழைய பிரவுசரும்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இதற்குப் பிறகு வரும் வரிகளில் நல்ல வார்த்தை எதுவும் இருக்காது என்பதால் முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "அப்பா, ஒரு நிமிஷம், மீட்டிங்ல கூப்பிடுறாங்க" என்பாய், அந்த ஒரு நிமிஷம் மூன்று நாள் ஓடும். காகிதத்தை யாரும் மீட்டிங்குக்குக் கூப்பிட மாட்டார்கள், உட்கார்ந்து முழுசாகப் படி.

அம்மாவின் இடுப்பு ஆபரேஷன் தேதி கைநழுவிப் போய்விட்டது. பதினோரு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி, ஆஸ்பத்திரியில் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவள் இப்போது மாடிப்படியில் பக்கவாட்டாக ஏறுகிறாள், ஒரு படிக்கு ஒரு மூச்சு. முப்பத்தொரு வருஷம் ஊரார் லிஃப்டையெல்லாம் ஓடவைத்த மெக்கானிக் வீட்டில் படிதான் வாய்த்தது என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாவது படியில் நின்று கைப்பிடிக் கம்பியை முந்தானையால் துடைக்கிறாள். தினமும் துடைக்க அதில் என்ன தூசி இருக்கிறது? வலி தாங்காமல் நிற்கிறாள், அது எனக்குத் தெரியக்கூடாதாம். நேற்று பாதிப் படியில் உட்கார்ந்தேவிட்டாள், கேட்டால் "சும்மா காத்து வாங்கறேன்" என்கிறாள், காற்றே வராத இடத்தில்.

ஏன் போயிற்று என்று கேட்பாய். உன்னால்தான். போன வருஷம் நீ அங்கே உட்கார்ந்தபடியே நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க அம்புக்குறி தானாக ஓட, புது பிரவுசர் ஒன்றைப் போட்டாயே, நினைவிருக்கிறதா? பழசு அப்டேட் ஆகிற காலத்தைத் தாண்டிவிட்டது, புதுசு போட்டால்தான் பாதுகாப்பு என்றாய், சரி என்றேன். அப்படியானால் பழசை எடுத்துவிடு என்றும் சொன்னேன். "அதுல பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் இருக்குப்பா, அவசரப்பட்டு எடுத்தா போயிடும். நான் வந்து மாத்தித் தர்றேன், அதுவரைக்கும் கெடக்கட்டும்" என்றாய். நான் வந்து! இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நீ எத்தனை வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறாய்! மாடி அறையில் உன் பெட்டிகளைப் பிரிப்பது நீ வந்து, அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றுவது நீ வந்து, ஜன்னல் திரை வாங்குவதுகூட நீ வந்து. மூன்று வருஷமாகிறது, ஜன்னலில் இன்னும் செய்தித்தாள்தான் ஒட்டியிருக்கிறது.

அதன்பின் திரையில் பழசுக்கும் புதுசுக்கும் இரண்டு வட்டம், ஒரே நிறம், ஒரே அளவு. எட்டு வருஷம் பழகிய கை எங்கே போகும்? இடது மூலைக்குத்தான் போகும், அங்கே உட்கார்ந்திருந்தது பழசு. திறந்தால் தலைமாட்டில் மஞ்சள் பட்டையில் இந்த பிரவுசர் மிகவும் பழையது என்று வரும், நான் பெருக்கல் குறியைத் தட்டி மூடுவேன், இதுவே தினசரி வேலையாகிவிட்டது. ஒருநாள் சிவப்பாக ஒரு பெட்டி குதித்து வந்து, உடனே இங்கே அழுத்தி அப்டேட் செய்யாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று மிரட்டியது. அழுத்தப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "முன்பின் தெரியாதவன் கதவைத் தட்டி பூட்டு மாத்தித் தர்றேன்னா உள்ள விடுவீங்களா?" என்றாள். இடுப்பு போனாலும் அவள் மூளை கெட்டியாகத்தான் இருக்கிறது.

அந்தப் பழசில்தான் ஆஸ்பத்திரி விண்ணப்பத்தை நிரப்பியிருக்கிறேன். நோயாளியுடன் இருப்பவர் என்று ஒரு கட்டம். தேதி முடிவானதும் அதில் போட்ட எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்களாம். நான் இரண்டு எழுத்து தட்டியதும் உன் பெயர் முழுசாக வந்து நின்றது, கீழே நீ இங்கே இருந்தபோது வைத்திருந்த பழைய போன் நம்பர், நம் வீட்டு விலாசம். காலேஜ் விண்ணப்பம், வேலை விண்ணப்பம் எல்லாம் நீ அதில்தானே நிரப்பினாய், அது உன்னை விடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறது. தேதி போன பிறகு நான் விசாரித்தபோது ஆஸ்பத்திரிப் பெண் சொன்னாள், "மூணு தடவை கூப்பிட்டோம் சார், அந்த நம்பரே உபயோகத்துல இல்லைன்னு வருது. அவங்க வீட்டுல இல்லையா?" இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்றைக்கு முழுக்க உன்மேல் வந்த கோபத்தில் நான் சாப்பிடவில்லை.

என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு, உனக்கும் தெரியும். லிஃப்டுக்குப் புது எஃகுக் கயிறு போட்டு, பாரம் ஏற்றி, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்த பிறகு, கழற்றிய கயிற்றை அன்றைக்கே முழம் முழமாக வெட்டிவிட வேண்டும். சுருட்டி ஒரு மூலையில் போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே இழை அறுந்திருப்பது தெரியாது, எவனாவது எடுத்து எதிலாவது மாட்டிவிடுவான். துணி உலர்த்த ஒரு துண்டு கேட்ட உன் அம்மாவுக்கே நான் கொடுத்ததில்லை, அதற்கு அவள் ஒரு வாரம் பேசவில்லை. அப்படிப்பட்டவன் வீட்டில் வெட்டாத கயிற்றை ஒரு வருஷம் தொங்கவிட்டிருக்கிறாய்.

நூலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் போய்க் கேட்டு, வரிசையாக நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நானே செய்தேன். முதலில் பழசிலிருந்த பாஸ்வேர்டுகளையும் புக்மார்க்குகளையும் புதுசுக்கு மாற்றினேன், ஒவ்வொன்றாகத் திறந்து எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்தேன், பாரம் ஏற்றிப் பார்க்காமல் பழசைக் கழற்றுவேனா? புதுசை அதற்குள்ளேயே இருக்கும் அமைப்புப் பக்கத்துக்குப் போய்த்தான் அப்டேட் செய்ய வேண்டும், வழியில் குதிக்கும் பெட்டியை நம்பக்கூடாது என்று அந்த அம்மாள் சொன்னார், அப்படியே செய்தேன். பிறகு கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம் பட்டியலைத் திறந்தால் பழசு ஒன்றல்ல, இரண்டு! நீ காலேஜில் படித்தபோது போட்டதும் அடியில் கிடக்கிறது. அதை முதலில் நீக்கினேன். மற்றதை நீக்கும்போது, சேமித்த விவரங்களையும் அழிக்கவா என்று கேட்டது. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இதை எழுதாமல் விட்டால் நான் உன்னைத் திட்டியது எல்லாம் பொய்யாகிவிடும். விண்ணப்பம் நிரப்பிய அன்று உன் பெயர் வந்து நின்றதை நான் பார்த்தேன். அந்த நம்பர் செத்துப்போனது என்று எனக்குத் தெரியும். ஒரு பட்டனைத் தட்டினால் அழிந்திருக்கும். அம்மா பக்கத்தில் இருப்பவர் என்ற கட்டத்தில் உன் பெயரும் நம் வீட்டு விலாசமும் ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது அழிக்க மனம் வரவில்லை. எப்படியும் என் நம்பருக்கும் கூப்பிடுவார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு அனுப்பிவிட்டேன். ஆக, பாதிக் கோபம் என்மேல். மீதிப் பாதி உன்மேல்தான், தப்பித்தோம் என்று நினைக்காதே. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பொண்ணைத் திட்டி எழுதறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

அழி என்று தட்டிவிட்டேன். முழம் முழமாக வெட்டியாயிற்று.

ஆஸ்பத்திரிப் பெண் நல்லவள், யாரோ வேண்டாமென்று விட்ட தேதியைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள், அடுத்த மாதம் இருபத்தாறு. புது பிரவுசரில் புது விண்ணப்பம், உடன் இருப்பவர் கட்டத்தில் என் பெயரை நானே தட்டினேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் பத்து நாள் அவளைத் தூக்கி உட்காரவைக்க இன்னொரு ஆள் வேண்டும், என் தோள்பட்டை தனியாகத் தாங்காது. என் பெயருக்கு அடியில் அந்த ஆளுக்கான கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடு. பன்னிரண்டாம் தேதிக்குள் அந்தக் கட்டத்தை நிரப்பி அனுப்ப வேண்டும், மறந்துவிடாதே. உன் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டிப் பார்த்தேன், இப்போது அதில் எதுவும் தானாக வருவதில்லை.

கோபம் தீராத,
உன் அப்பா