மட்கார்டுக்குக் கடைசியாக ஊற்றிய தண்ணீர்

அன்று நீ கேட்டது ஒரே கேள்விதான். "கடைசியா நல்ல தண்ணிலதானே கழுவின?" நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று சொல்லவில்லை. சொல்வதற்கான நேரங்கள் அதற்குப் பிறகும் வந்தன. அவற்றிலும் சொல்லவில்லை. நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று காலை ஊரப்பாக்கத்தில், நான் குடியிருக்கும் மாடி வீட்டுக்குக் கீழே, யாரோ இரும்பு கேட்டுக்கு பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். தின்னர் வாடை படியேறி வந்தது. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். அப்படியும் போகவில்லை. அரை மணி நேரம் அதே பக்கத்தில் இருந்தேன். அதற்குமேல் படிக்க முடியாது என்று தெரிந்ததும் இந்தத் தாளை எடுத்தேன்.

நாம் இருவரும் செங்கல்பட்டில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தவர்கள். எனக்கு ஊர் மதுராந்தகம். உனக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம். செங்கல்பட்டிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உனக்கு வேலை கிடைத்தது. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ரத்தம் எடுக்க, காலை ஆறு மணிக்கு நீ அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு உங்கள் பக்கமிருந்து பஸ் கிடையாது. உன் அண்ணனுடைய ஸ்கூட்டர் இருந்ததால்தான் அந்த வேலை.

அண்ணன் மங்களூர் பக்கம் விசைப்படகில் இருந்தார். சாவியை உன்னிடம் கொடுத்தபோது ஒரே நிபந்தனைதான் போட்டார்: வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் சாவி திரும்பி வந்துவிட வேண்டும். அவருக்கு வண்டியைப் பற்றிய கவலை இல்லை. இருட்டோடு அந்த ரோட்டில் நீ தனியாகப் போவதைப் பற்றித்தான். கீறல் என்றால் நீ விழுந்திருக்கிறாய் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அவர் ஒரு மாத லீவில் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த அந்த வாரம்தான் நீ விழுந்தாய். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் காற்று கொண்டுவந்து போட்ட மணலில் வண்டி சறுக்கியது. உன் முழங்கையில் சிராய்ப்பு. அதை முழுக்கை சுடிதாருக்குள் மறைத்துவிட்டாய். முன் மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்கு பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. டிங்கரிங் கடைக்காரர் உன் அண்ணனோடு படித்தவர். "அங்க வுட்டா, பெயின்ட் காயறதுக்குள்ள சேதி மங்களூர் போயிடும்" என்றாய் போனில். "நீ சனிக்கிழம வா. வூட்லயே முடிச்சிடலாம்."

நான் வந்து சேர்ந்தபோது மட்கார்டைக் கழற்றி, பட்டி மாவு வைத்து, தேய்த்து முடித்திருந்தாய். பின்னறையைக் காலி செய்திருந்தாய். மணல் கிளம்பாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்து, வாசலில் ஈரப்புடவை கட்டியிருந்தாய். ஜன்னலில் பாதியைத் திறந்து வைத்து, ஃபேனை நிறுத்தி, ஸ்விட்சில் என் கை போகாதபடி ஒரு பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தாய். பதினொரு மணிக்குக் கடல்காற்று ஏறிவிடும், அதற்குள் கடைசி கோட்டு போட்டாக வேண்டும் என்றாய். அப்பாவின் ஃபைபர் படகுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடித்த கை உன்னுடையது. நானோ, நீ சொன்னதை எடுத்துக்கொடுக்க வந்தவள்.

அதையும் கெடுத்தேன். நீ தின்னர் துணியால் துடைத்து வைத்திருந்த மட்கார்டு கொஞ்சம் சாய்ந்திருந்ததாகத் தோன்றி, நேராக்கி வைத்தேன். நீ பிரைமர் அடித்ததும் என் நாலு விரல் பட்ட இடத்தில் மட்டும் அது ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகியது. நடுவில் தகரம் கண் மாதிரி முழித்தது.

"இன்னாடி தொட்ட?" என்றாய். பிறகு என் பின்னலைப் பார்த்தாய். "தலைக்கு எண்ண வெச்சிகினு பெயின்ட் அடிக்க வந்துகீறா பாரு மகாராணி. மதுராந்தகத்துல எண்ண வெச்சா செங்கல்பட்டு வரைக்கும் வழியும் போல."

சிரித்தாய். ஆனால் சிரித்துக்கொண்டே செல்போனில் மணி பார்த்தாய். அடித்ததை முழுக்கத் துடைத்தெடுத்தோம். நான் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடி பிரைமர், மறுபடி காயவிடல், மறுபடி வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தல். முக்கால் மணி நேரம் என்னால் போயிற்று.

தேய்த்ததில் பால்போல வழிந்த பிரைமர் தூளைக் கழுவிவரச் சொல்லி மட்கார்டை என் கையில் கொடுத்தாய். ஸ்ப்ரே டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் நீ உருட்டிக்கொண்டிருந்தாய். முதலில் டிரம் தண்ணீரில் அழுக்குப் போகக் கழுவி, கடைசியாக வீட்டுக்குள் இருக்கும் குடத்திலிருந்து இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றாய். காரணமும் சொன்னாய். டிரம்மில் இருப்பது போர் தண்ணீர், உப்பு. காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாமல் தகரத்தில் உப்பு தங்கிவிடும். பெயின்ட்டுக்கு அடியில் இருந்துகொண்டு அது ஈரத்தை இழுக்கும். படகுக்கும் அப்படித்தான், கடைசிக் கழுவு நல்ல தண்ணீரில் இல்லாமல் யாரும் பிரஷ்ஷைத் தொட மாட்டார்கள் என்றாய். எனக்கு எல்லாம் புரிந்தது.

சொம்போடு உள்ளே போனேன். உன் அம்மா அப்போதுதான் லாரித் தண்ணீர் வரிசையிலிருந்து வந்திருந்தார். மூன்று குடம் பிடிக்கப் போனவருக்கு ஒன்றுதான் கிடைத்திருந்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி என் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். பொய்க்கோபமோ நிஜக்கோபமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"குடிக்கவே இல்ல. வண்டிக்கு நல்ல தண்ணி கேக்குதா?"

நீயாக இருந்தால் பதிலுக்கு ஏதோ சொல்லி, சிரிக்கவைத்து, எடுத்துக்கொண்டு போயிருப்பாய். நான் ஏரிக்கரை ஊரில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்து வளர்ந்தவள். அந்தக் குடத்தில் கைவிட எனக்கு முகமில்லை. "வேணாம்மா, சும்மா வந்தேன்" என்று பின்பக்கம் போனேன். டிரம்மிலிருந்தே இன்னும் மூன்று மக் தண்ணீர் ஊற்றினேன். அதிகமாக ஊற்றினால் சரியாகிவிடும் என்பதுபோல.

அப்புறம்தான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

முதல் கோட்டு பனி மாதிரி மெல்லியதாக விழுந்தது. டின்னை ஓரிடத்தில் நிறுத்தாமல், மட்கார்டுக்கு வெளியிலேயே அழுத்த ஆரம்பித்து வெளியிலேயே விட்டாய். பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். முகத்தில் கட்டியிருந்த மாஸ்க்கை இறக்கிவிட்டு, நிலையத்தில் காலை ஷிஃப்டை முழுக்க உன் பொறுப்பில் விடப்போவதாகப் பேச்சு இருக்கிறது என்று சொன்னாய். யாரிடமும் சொல்லாதே, கண் பட்டுவிடும் என்றாய். நான் தரையில் காய்ந்துகொண்டிருந்த ஈரத்தைப் பார்த்தபடி இருந்தேன். இப்போது சொன்னாலும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், ஆனால் நேரம் போதாது என்று கணக்குப் போட்டேன். போதும் என்றும் பட்டது.

இரண்டாவது கோட்டுக்குப் பிறகு வாயைத் திறந்தேன். நீ மட்கார்டுக்கு மேல் குனிந்து தூசி தேடிக்கொண்டிருந்தாய். நிமிராமலே சொன்னாய்: "பேசாதடி. எச்சி தெறிச்சா போச்சு."



வாசலில் கட்டியிருந்த புடவை அசையத் தொடங்கியது. அசைந்து, உப்பி, உள்ளே வந்தது. இரண்டாவது கோட்டு போட்டு ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. நீ மூன்றாவது கோட்டைப் போட்டாய். ஒரு சொட்டு வழியவில்லை, ஒரு மணல் ஒட்டவில்லை. கண்ணாடிபோல இருந்தது. நீ என் தோளில் சாய்ந்து பெருமூச்சு விட்டாய். உன் நெற்றியெல்லாம் பெயின்ட் புள்ளி.

சாயங்காலம் மட்கார்டை வண்டியில் மாட்டிவிட்டு, இரவு நானும் அங்கேயே தங்கினேன். மறுநாள் அண்ணன் வந்தார். பையைக்கூட இறக்காமல் வண்டியைச் சுற்றி வந்தார். முன்னால் குந்தி உட்கார்ந்து மட்கார்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். நீ என் சுண்டுவிரலைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. "நல்லா தொடச்சி வெச்சிகிற" என்றார். "இப்டியே வெச்சிக்கோ." எழுந்து உள்ளே போய்விட்டார். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாய். அழுகிறாயோ என்று முதலில் நினைத்தேன்.

இப்போது என் வேலையில் ஒரு ரத்த மாதிரி என் கவனக்குறைவால் உறைந்துவிட்டால், யாரும் கேட்பதற்கு முன் எழுந்துபோய்ச் சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது, இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும் என்று. திட்டுவார்கள். கேட்டுக்கொள்வேன். கூட வேலை செய்கிறவர்கள் இதை என் நல்ல குணம் என்று நினைக்கிறார்கள். நான் அவர்களைத் திருத்துவதில்லை.

பெயின்ட் போட்ட இருபத்திரண்டாம் நாள் நீ போன் செய்தாய். "கடுகு கடுகா கொப்புளம் வந்துகீதுடி. நகம் பட்டா தோலா உரியுது. காத்து வருதேன்னு மூணாவது கோட்டுக்கு அவசரப்பட்டுட்டேன் போல."

"இருக்கலாம்" என்றேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் அதைப் பார்த்து, நீ விழுந்ததைப் புரிந்துகொண்டு சாவியை வாங்கிக்கொண்டார். அதன்பின் ஒன்பது நாள் நீ முதல் பஸ் பிடித்து, தினமும் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாய். பத்தாம் நாள் அங்கே வேறொரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போகும்வரை, வீட்டில்தான் இருந்தாய்.