ஒட்டு மீசை ஆமை

மார்ச் 4

அன்பு அக்காவுக்கு,

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு நீ யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று அத்தான் புலம்புகிறார். போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்திலாவது பேசு.

பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்யும் எங்கள் அறைக்கு யார் வந்திருக்கிறார் தெரியுமா? நீ குரல் கொடுத்த உளவாளி ஆமை! ஊரே மறந்துபோன கார்ட்டூன். நீளக் கோட்டு, ஒட்டு மீசை. முதுகில் ஓடு பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் எதிரி அதனிடமே வந்து, "ஐயா, இந்தப் பக்கம் ஒரு ஆமை போச்சா?" என்கிறான். வயிறு வலிக்கச் சிரித்தேன். காசில்லாமல் பின்னணிக்கு வரைந்த ஒரே தெருவைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

ஒரு காட்சியில் மட்டும் ஆமை காரணமே இல்லாமல் தும்முகிறது. மூக்கிலிருந்த அழுக்கைக்கூட ஒவ்வொரு பிரேமாகத் துடைத்துவிட்டேன்.

உன் தம்பி

மார்ச் 11

அடேய் சுருட்டை,

படுபாவி, அது அழுக்கில்லை, ஈ! ஈயைத் துடைத்துவிட்டுத் தும்மல் ஏன் என்று கேட்கிறாயே! மூன்றே புள்ளியில் கோபக்கார ஈயை வரைந்த மகராசன் கையை என்ன சொல்ல! அந்தத் தும்மலுக்காக நான் மிளகுப்பொடியை மோந்தேன். மரியாதையாக ஈயைத் திருப்பி வை.

தான் பெரிய கெட்டிக்காரன் என்பதில் அந்த ஆமைக்குச் சந்தேகமே வராது. அதனால்தான் அதன்மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

அக்கா

மார்ச் 18

அக்கா,

ஈ பழையபடி உட்கார்ந்துவிட்டது. ஆனால் கடைசிப் பகுதியின் ஒலி பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. வேறொரு பெண்ணைப் பேசவைக்கலாம் என்கிறார் முதலாளி. நீ வருவாயா? சத்தமில்லாத அந்தப் பகுதியை அத்தான் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், பார்.

தம்பி

மார்ச் 24

தம்பி,

அந்தப் பெண்ணையே கூப்பிடு. கண்ணாடி முன்னால் ஆமை போலப் பேசிப் பார்த்தேன். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது. சமையலறையிலிருந்து உன் அத்தான், "யாரது?" என்றார். கட்டின புருஷனுக்கே அடையாளம் தெரியாத குரல் ஊருக்கு எதற்கு? நீ அனுப்பியதை நான் பார்க்கவில்லை. வற்புறுத்தாதே.

அக்கா

மார்ச் 30

என் அக்காவுக்கு,

நேற்று நீ போனில் பேசி முடித்ததுமே வைத்துவிட்டு முதலாளியிடம் ஓடிவிட்டேன் என்று கோபிக்காதே. இத்தனை மாதம் கழித்து உன் குரலைக் கேட்டேன்.

"பார்த்தேன்டா. சத்தமே இல்லாம வாயை வாயை அசைக்குது, பாவமா இருக்கு. வியாழக்கிழமை வரேன். குரல் கரகரன்னுதான் இருக்கும். ஏன், ஆமைக்கு மட்டும் வயசே ஆகாதா?" என்றாயே, அழுதுவிட்டேன் அக்கா.

முதலாளியிடம் சொல்லியாயிற்று. மைக்கை உன் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி