அப்பா அனுப்பிய கடற்கரைப் படம்

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நான் நலம், உன் அப்பாவும் இடுப்பைத் தவிர மற்றபடி நலம். அங்கே நீயும் நீ கூட்டிவரப்போகிறவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இடுப்புக்கு என்ன என்று பதறாதே, எல்லாம் உன்னால்தான். அடுத்த மாதம் அவரோடு நம் வீட்டுக்குப் பின்னாலுள்ள கடற்கரையில் நடக்க வேண்டும் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து உன் அப்பா ஆபீஸ் போகுமுன் கையுறையும் சாக்குமாகக் கிளம்பிவிடுகிறார். பாட்டில், ஷாம்பு பாக்கெட், ஒற்றைச் செருப்பு, அறுந்த நைலான் வலை என்று வாரிக்கொண்டே இருக்கிறார். அலை மறுநாளே திரும்பக் கொண்டுவந்து போடும், வீண் வேலை என்றேன். "அவ ஓடி விளையாடின இடம், அவ வர்றப்போ இப்படியா கிடக்கணும்" என்றார். அவர் உனக்கு அனுப்பிய படம் அழகுதான், ஆனால் அது நம் கூடத்தின் அகலம்கூட இல்லாத இடம், அதைத் தாண்டி கேமராவை அவர் திருப்பவில்லை.

வாரியதை எங்கே போடுகிறார் என்று நானும் கேட்கவில்லை. குப்பை லாரிக்காரர்கள் எடுக்க மறுத்ததால் பாறைகளுக்கு அந்தப் பக்கம் கொட்டியிருக்கிறார். நமக்கு மீன் கொண்டுவரும் அம்மாவின் குடியிருப்பு அங்கேதான் இருக்கிறது. நேற்று அவர் கூடையை இறக்காமலே, "சார் நல்லாத்தான் பெருக்குறாரு, ஆனா எங்க வாசல்ல கொட்டுறாரு. உங்க பொண்ணு நடந்தாத்தான் அது கடற்கரையா, எங்க புள்ளைங்க விளையாடினா குப்பைமேடா" என்று கேட்டார். உன் அப்பா இன்று காலை தனியே போய்க் கொட்டியதையெல்லாம் திரும்ப அள்ளத் தொடங்கியிருக்கிறார். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த அம்மாவே கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டு, "குப்பைய எடுக்கச் சொன்னா, நான் சாரை எடுத்துட்டு வரவேண்டியதாப் போச்சு" என்று சிரித்தார். மீதியை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் நானும் அள்ளினோம். இன்னும் நிறையக் கிடக்கிறது.

அதனால் ஒன்று சொல்கிறேன். உன் நண்பரை முதலில் படத்திலுள்ள இடத்துக்குக் கூட்டிப்போகாதே, பாறைகளுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போ. நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அங்கே முகம் சுளிக்காமல் சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாரென்றால், அவரைப் பற்றி நான் வேறு எதுவும் விசாரிக்க மாட்டேன்.

இருவரும் நல்லபடியாக வந்து சேருங்கள், என் ஆசிகள் எப்போதும் உண்டு. வரும்போது கெட்டியான செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். அப்பாவிடம் படம் பிரமாதம் என்று மட்டும் சொல்.

உன்னைக் காணக் காத்திருக்கும்,
அம்மா