வாகீசனுக்குக் கொடுத்த வீட்டுவேலை

வெள்ளவத்தை
12.02.2007

அன்புத் தங்கச்சி பத்மாவதிக்கு,

இங்கே சுகம். நீயும் அப்படியே இருக்க நல்லூரானைக் கும்பிடுகிறேன். உன் மகன் வாகீசன் கொழும்பில், கொட்டாஞ்சேனை அறையில் நன்றாக இருக்கிறான். தலைமயிர் வெட்டத்தான் பஞ்சி, நாளைக்கு நாளைக்கு என்கிறான்.

இந்தத் தவணை கம்பஸில் அவனுடைய வகுப்புக்கு இயங்குதளப் பாடம் எடுக்கிற விரிவுரையாளர் நான்தான். மருமகன் என்று புள்ளி கூட்டிப் போடமாட்டேன்! முன்பெல்லாம் கெடுத்துப்போடுவார்கள் என்று பெடியளைக் கணினியில் கைவைக்க விடுவதில்லை. இப்போது ஆளுக்கொரு வேர்ச்சுவல் மெஷினை டிவிடியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு விளங்கச் சொன்னால், கணினிக்குள்ளே ஓடுகிற பொய்க் கணினி. எவ்வளவும் உடைக்கலாம், உண்மையான மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் கிழமை கடவுச்சொல் போட்டுப் பூட்டிக் கொடுத்தேன். சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். பூட்டை உடைத்து உள்ளே போவதுதான் வீட்டுவேலை. "மாமா, உங்கட பூட்டு ரெண்டு நாள் தாங்காது" என்கிறான் உன் பிள்ளை.

அன்பு அண்ணன்,
வரதராசா

கொக்குவில்
26.02.2007

அன்பு அண்ணாவுக்கு,

சண்டை தொடங்கிக் கொழும்புப் பாதை பூட்டினபிறகு உங்கள் கடிதம் ஆடி அசைந்துதான் வருகிறது. சீனி இல்லை, பனங்கட்டியோடு தேத்தண்ணி. இங்கே இருந்தால் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றுதான் உங்களை நம்பி அவனை அனுப்பினேன். படிப்பு மெல்ல வரட்டும். கொழும்பில் தங்கப் பொலிசில் பதிந்த துண்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கச் சொல்லுங்கோ. பூட்டு உடைக்கிற விளையாட்டு எனக்குப் பயமாக இருக்கிறது. சிரியாதேங்கோ.

தங்கச்சி,
பத்மா

வெள்ளவத்தை
18.03.2007

பத்மா,

மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசி. செவ்வாய் பின்னேரம் வாகீசனைக் கொட்டாஞ்சேனைச் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். பையில் அவன் இன்னும் உடைக்காத அந்தப் பூட்டு டிவிடி இருந்திருக்கிறது. கூடப் பிடிபட்ட சிநேகிதன் ஒஸ்வால்ட் கொழும்பு விலாசக்காரன் என்பதால் விட்டிருக்கிறார்கள். அவன்தான் ஓடிவந்து சொன்னான். பொலிசில் டிவிடியைப் போட்டுப் பார்க்க, கடவுச்சொல் கேட்டு நின்றதாம். "எனக்குத் தெரியாது, மாமாவுக்குத்தான் தெரியும். அதை உடைக்கிறதுதான் ஹோம்வேர்க்" என்றானாம். யார் நம்புவார்கள்?

நான் உடனே வெளிக்கிட்டேன். கம்பஸ் கடிதம் இல்லாமல் போய் அந்தப் பூட்டு என்னுடையது என்றால் இரண்டு பேரையும் வைத்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் மறித்தார்கள். அதுவும் சரிதானே. பீடாதிபதியின் கையொப்பத்தோடு மறுநாள் மத்தியானம் போனேன். சொல்லை அடித்துத் திறந்து காட்டினேன். உள்ளே வெறும் பாடம். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, "அவனை நேற்றே விட்டுவிட்டோமே" என்று சிங்களத்தில் சொன்னார்.

அவன் அறைக்கு வரவில்லை. மனித உரிமை அலுவலகத்திலும் செஞ்சிலுவையிலும் பதிந்திருக்கிறேன். தேடுகிறேன்.

அண்ணா

கொக்குவில்
02.04.2007

அண்ணா,

அயலட்டைச் சனம் வந்து இருந்தது. இது செத்தவீடு இல்லை என்று எழுப்பி அனுப்பிவிட்டேன்.

எனக்குக் கணினி தெரியாது. உங்களிடம் ஒரு சொல் இருந்தது, அது மட்டும் விளங்குகிறது. அன்று பின்னேரமே அதைச் சொல்ல ஓடியிருந்தால் உங்களையும் பிடித்திருப்பார்கள். ஓம். நான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதிருப்பேன். ஆனால் அவன் அங்கே தனிய இருந்திருக்க மாட்டான்.

உங்களில் எனக்குக் கோபம். கூடப்பிறந்த ஆள் என்றபடியால் திட்டத்தான் வாய் வரவில்லை.

பதிந்திருக்கிறேன், தேடுகிறேன் என்று இனி எழுதாதேங்கோ. அவன் வந்தால் மட்டும் கடிதம் போடுங்கோ. உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டால், பிள்ளை வந்துவிட்டான் என்றுதான் நான் பிரிப்பேன்.

பத்மாவதி